கையடக்க உப்புமானி: பொழிமுகத்துக்குச் சரி, உப்பளத்துக்குச் சரிவராது

குமரி மாவட்டத்தில் மணக்குடியில் நண்டு வளர்ப்பவர், தேங்காய்ப்பட்டணம் பக்கம் இறால் குளம் வைத்திருப்பவர், நாகர்கோவிலில் வீட்டுக்குள் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கடல்நீர் பாடம் எடுப்பவர் எல்லாரும் கடைசியில் வந்து சேர்வது ஒரே கருவியில்தான். ஒரு சாண் நீளக் குழாய், ஒரு முனையில் சாய்வாக வெட்டிய கண்ணாடிப் பட்டகம், அதன்மேல் பிளாஸ்டிக் மூடி, மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை. பெட்டியில் ரெஃப்ராக்டோமீட்டர் என்று எழுதியிருக்கும். பண்ணைக்காரர்கள் சலினிட்டி மீட்டர் என்பார்கள். ஆன்லைனில் 1,500 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய் வரை பல பெயர்களில் விற்கிறார்கள். பெயர் எதுவானாலும் 0 முதல் 100 பிபிடி வரை அளக்கும் இந்த வகையில் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் இங்கே சொல்வது அந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

தாராளமாக வாங்கலாம். பேட்டரி வேண்டாம், இரண்டு சொட்டுத் தண்ணீர் போதும், அரை நிமிடத்தில் விடை. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு காட்டும் எண்ணை நம்பக் கூடாது. நம்பிக் கெட்ட குளங்கள் உண்டு.

பிபிடி என்பது ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 10.8, சல்பேட் 2.7, மெக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் ஆளுக்கு 0.4 கிராம். கடலுக்குக் கடல் மொத்த அளவு கூடும், குறையும்; இவற்றுக்குள் உள்ள விகிதம் மட்டும் மாறாது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 மாதிரிகளைப் பகுத்து வேதியியலாளர் டிட்மார் 1884-ல் உறுதிப்படுத்திய விஷயம் இது. இந்த ஒரு குணம் இருப்பதால்தான், உப்புகளை ஒவ்வொன்றாக அளக்காமல் ஏதாவது ஒரு குணத்தை மட்டும் அளந்து மொத்த உப்பைச் சொல்லிவிட முடிகிறது. மின்சாரம் எவ்வளவு கடத்துகிறது என்று பார்க்கலாம், எடை எவ்வளவு என்று பார்க்கலாம், ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று பார்க்கலாம். இந்தக் கருவி மூன்றாவது வழியில் போகிறது.

20 டிகிரி செல்சியஸில் தூய நீரின் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) 1.3330, 35 பிபிடி கடல்நீருக்கு 1.3394. இடையில் உள்ள வித்தியாசம் வெறும் 0.0064. அதை 35 பங்காகப் பிரித்தால் ஒரு பிபிடிக்கு 0.00018-தான் வரும். இவ்வளவு சின்ன மாற்றத்தை 2,000 ரூபாய்க் கருவி கண்ணுக்குக் காட்டுவதே பெரிய காரியம். அதே காரணத்தால்தான் வெப்பநிலையும் அழுக்கும் இதை எளிதில் ஏமாற்றிவிடுகின்றன.

முதல் வேலை ஜீரோ செட் பண்ணுவது. மூடியைத் திறந்து பட்டகத்தின்மேல் இரண்டு மூன்று சொட்டு டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, குமிழி வராமல் மூடியை மெதுவாக இறக்க வேண்டும். வெளிச்சம் உள்ள பக்கம் நீட்டி (சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது) வில்லையைத் திருகினால் ஸ்கேல் தெளியும். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு சுழியத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ரப்பர் மூடிக்குக் கீழே இருக்கும் திருகை, கூட வரும் சின்ன ஸ்க்ரூடிரைவரால் மயிரிழையாகத் திருப்ப வேண்டும். கோடு சாய்ந்து தெரிந்தால் பட்டகம் முழுக்க நனையவில்லை என்று பொருள். புகைபோல மங்கினால் பட்டகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு.

நம்மூரில் நிறையப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். டிஸ்டில்ட் வாட்டருக்குப் பதில் கிணற்றுத் தண்ணீரை விடுகிறார்கள். கடற்கரையோரக் கிணறுகளில் தண்ணீர் கரிப்பது புதிதல்ல. லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் கரைபொருள் உள்ள கிணறு என்றால் அதுவே 2 பிபிடி. அதைச் சுழியம் என்று வைத்துவிட்டால் அதற்குப் பிறகு எடுக்கும் ஒவ்வொரு அளவும் 2 குறைவாகவே வரும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை, அதில் மிஞ்சியிருக்கும் உப்பு இந்த ஸ்கேலில் தெரியாது. பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் கேன் கிடைக்கும். அதே அலமாரியில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

சுழியம் சரியானால் 35-ம் சரியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். அதற்கு ஒரு சோதனைக் கரைசல் செய்துகொள்ள வேண்டும். சுத்தமான சோடியம் குளோரைடு 36.5 கிராம், டிஸ்டில்ட் வாட்டர் 963.5 கிராம். இரண்டையும் நிறுத்துச் சேர்த்தால் வரும் கரைசல், 35 பிபிடி கடல்நீர் ஒளியை வளைக்கும் அதே அளவுக்கு வளைக்கும். 35 அல்ல, 36.5, ஏன் என்றால் வெறும் சோடியம் குளோரைடு, கடலின் உப்புக் கலவையைவிடச் சற்றுக் குறைவாகவே ஒளியை வளைக்கிறது. சுவாமித்தோப்பு, புத்தளம் பக்கத்துக் கல்லுப்பு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறதே என்று அதைப் போடக் கூடாது. அதில் ஈரமும் மெக்னீசியமும் இருக்கும். எடை பொய் சொல்லும். ஆய்வக உப்பை வாங்கி, சூடான வாணலியில் ஈரம் போக வறுத்து, ஆறவைத்து, 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். இறுக்க மூடிய பாட்டிலில் பல மாதம் இருக்கும். மூடி தளர்ந்தால் நீர் ஆவியாகிக் கரைசல் கூர்மையாகிவிடும்.

இந்தக் கரைசலுக்குக் கருவி 35 காட்டினால் அது கடல்நீருக்கென்றே அச்சிட்ட ஸ்கேல். 36, 37 பக்கம் காட்டினால் வெறும் உப்புக் கரைசலுக்கான ஸ்கேலை அச்சிட்டு, பெட்டியில் கடல்நீர் என்று எழுதி விற்றிருக்கிறார்கள். மலிவான கருவிகளில் இது சகஜம். தூக்கிப் போட வேண்டியதில்லை. திருகு ஒன்றுதான் இருக்கிறது, ஆகவே ஒரு புள்ளியில்தான் சரிசெய்ய முடியும். மீன் தொட்டி, குஞ்சுபொரிப்பகம் என்றால் 35-ல் சரிசெய்யுங்கள். பொழிமுகத்தில், அதாவது ஆறு கடலில் சேரும் இடத்தில், 0 முதல் 15 வரை அளப்பவர் சுழியத்தில் சரிசெய்யட்டும். எந்தப் புள்ளியில் சரிசெய்தது என்று டேப் ஒட்டிக் குழாயின்மேல் எழுதிவைப்பது நல்லது.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். முட்டத்திலோ குளச்சலிலோ ஒரு குடம் கடல்நீர் மொண்டு, கடல் என்றால் 35 என்று திருகைத் திருப்பிவைப்பது. குமரிக் கடல் ஆண்டு முழுக்க 35-ல் நிற்பதில்லை. அரபிக்கடல் உப்பு மிகுந்தது. வங்கக்கடலில் பெரிய ஆறுகள் கொட்டுவதால் உப்புக் குறைவு. நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் அந்த உப்புக் குறைந்த நீர் குமரிமுனையைச் சுற்றி மேற்குக் கரைக்கு ஏறுகிறது. தென்மேற்குப் பருவத்தில் நிலைமை வேறு: காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. மாறும் கடலை வைத்துக் கருவியைச் சரிபார்த்தால் பிறகு மாற்றத்தை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

அடுத்தது வெப்பம். நீர் 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குச் சூடானால் அதன் ஒளிவிலகல் எண் சுமார் 0.0010 குறைகிறது. பிபிடி கணக்கில் அது 5 முதல் 6 வரை. இதைச் சமாளிக்கத்தான் ஏ.டி.சி. என்ற தானியங்கி வெப்பத் திருத்தம். உள்ளே இரட்டை உலோகப் பட்டை ஒன்று வெப்பத்துக்கு வளைந்து ஒளிப்பாதையை நகர்த்திக் கொடுக்கும். பெட்டியில் ஏ.டி.சி. என்று எழுதாத கருவியை இந்த மாவட்டத்தில் வாங்கவே வேண்டாம். எழுதியிருந்தாலும் அது வேலை செய்வது 10 முதல் 30 டிகிரி வரைதான். நம் கடல்நீரே பெரும்பாலும் 27, 28-ஐத் தாண்டி நிற்கிறது. வெயிலில் ஆழமில்லாக் குளம் 33 தொடும். அதைவிட முக்கியம் கருவியின் சூடு. இரண்டு சொட்டு நீர் நொடியில் பட்டகத்தின் சூட்டுக்கு வந்துவிடும். ஆகவே கணக்கில் வருவது குளத்தின் வெப்பம் அல்ல, குழாயின் வெப்பம். நண்பகலில் பைக் பெட்டிக்குள் கிடந்த கருவியை எடுத்து அளந்தால் பட்டை தன் எல்லையைத் தாண்டியிருக்கும், அளவு தப்பும். தென்னை நிழலில் கால்மணி நேரம் வைத்துவிட்டு அளக்க வேண்டும். ஏசி காரிலிருந்து இறக்கிய கருவிக்கு எதிர்த் தொல்லை: கரையோரக் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த பட்டகத்தின்மேல் பனியாகப் படிந்து மாதிரியை நீர்த்துவிடும். அதற்கும் மருந்து அதே கால்மணி நேரம்தான்.

சொட்டு விட்டு 30 நொடி பொறுத்துப் பாருங்கள்; இரண்டு நிமிடம் வரை விடாதீர்கள். கச்சான் காற்று வீசும்போது மூடியின் ஓரங்களில் நீர் ஆவியாகி, கண்முன்னாலேயே கோடு மேலே ஏறும்.

குமரிக் கரைக்கே உரிய ஒரு ஆபத்து மணல். மணவாளக்குறிச்சி, மிடாலம் பக்கத்துக் கரை மணலை ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். கரும்பொடியாக இல்மனைட், அதற்கிடையில் மாதுளை முத்துப்போல் செந்நிறத்தில் கார்னெட், கண்ணாடித் துகள்போல் சிர்க்கான். மோஸ் கடின அளவுகோலில் கண்ணாடி ஐந்தரை என்றால் கார்னெட் ஏறத்தாழ ஏழு, சிர்க்கான் ஏழரை. ஒரு செந்நிறத் துகள் பட்டகத்தின்மேல் கிடக்க, அதன்மேல் துண்டால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், முடிமாதிரி ஒரு கீறல். அதன் பிறகு அந்தக் கருவியில் கோடு கூர்மையாக விழவே விழாது. துடைப்பதற்கு முன் நல்ல தண்ணீரைச் சொட்டு சொட்டாக விட்டு மணலைக் கழுவி இறக்குங்கள். பிறகுதான் மென்மையான துணி, அதுவும் ஒற்றி எடுக்க மட்டும். வேட்டி நுனி, சாரம் நுனி எதுவும் கூடாது. அதில் மணல் எப்போதும் இருக்கும்.

கருவி சரியாக இருந்தும் ஆள் குழம்பும் இடம் பொழிமுகம். மணக்குடியில் பழையாறும், தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறையாறும் கடலில் சேரும் இடத்தில், நல்ல தண்ணீரும் கடல்நீரும் உடனே கலந்துவிடுவதில்லை. 28 டிகிரியில் ஒரு கனமீட்டர் ஆற்றுநீரின் எடை 996 கிலோ. 35 பிபிடி கடல்நீர் 1,022 கிலோ. 26 கிலோ கனம் கூடிய நீர் அடியில் ஆப்புப்போல் உள்ளே நுழைய, ஆற்றுநீர் மேலே விரிந்து ஓடும். கையால் மேலே மொண்டால் 5 காட்டும், ஒரு ஆள் ஆழத்தில் எடுத்தால் 30 காட்டும். கருவி பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அரை லிட்டர் பாட்டிலின் கழுத்தில் கல்லும் கயிறும் கட்டி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கைக்குத் தனிக் கயிறு போட்டு இறக்குங்கள். வேண்டிய ஆழத்தில் தக்கைக் கயிற்றை வெடுக்கென இழுத்தால் பாட்டில் நிறையும். குமிழி மேலே வருவது நின்றதும் தூக்கலாம். கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. குளத்துக்கு நீர் இறைக்கும் மோட்டாரின் குழாய் வாய் எந்த ஆழத்தில் கிடக்கிறதோ, அந்த ஆழத்து எண்தான் உங்களுக்குத் தேவை. பொழி மணலால் அடைபட்டிருக்கும் நாட்களில் ஒரு கணக்கு, மழையில் பொழி முறிந்த மறுநாள் வேறு கணக்கு.

ஸ்கேலில் இடப்பக்கம் 1.000 முதல் 1.070 வரை இன்னொரு வரிசை எண்கள் இருக்கும். அது அடர்த்தி விகிதம். கருவி அதை அளப்பதில்லை. பிபிடியைக் கணக்குப் போட்டுப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். 35-க்கு நேரே 1.026 என்று இருக்கும். அதே நீரில் மிதவைமானியை 28 டிகிரியில் மிதக்கவிட்டால் 1.022 பக்கம் காட்டும். இரண்டும் பொய்யில்லை. சூடானால் நீர் விரிந்து அடர்த்தி குறையும், உப்பின் அளவு குறையாது. ஆகவே இடப்பக்க எண்களை மறந்துவிட்டு வலப்பக்கத்தை மட்டும் படிப்பது நிம்மதி.

நீரில் கரைந்த பொருளின் அளவைப் பார்க்க ஆர்.ஓ. மெக்கானிக் சட்டைப்பையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனா இதற்கு மாற்றாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. அவற்றில் பெரும்பாலானவை லிட்டருக்கு 9,990 மில்லிகிராமுக்கு மேல் காட்டாது, கடல்நீர் 35,000. மின்கடத்துதிறன் பேனா வாங்கலாம், ஆனால் எல்லையைப் பாருங்கள். 25 டிகிரியில் கடல்நீர் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமென்ஸ். 20 வரை மட்டும் காட்டும் பேனா 12 பிபிடியோடு நின்றுவிடும். கிணறு, வாய்க்கால், நெல்வயல், தென்னந்தோப்புத் தண்ணீருக்கு அந்தப் பேனாதான் சரி. 3 பிபிடிக்குக் கீழே ரெஃப்ராக்டோமீட்டரின் ஒரு பிபிடிப் பிழை கண்ணைக் கட்டிவிடும்.

உப்பளக்காரர்கள் இந்த 100 பிபிடிக் கருவியை வாங்கவே வேண்டாம். அவர்கள் பேசும் டிகிரி, வெப்ப டிகிரி அல்ல; மிதவைமானி காட்டும் அடர்த்தி அளவான போமே டிகிரி. கடல்நீர் 3.5 டிகிரியில் உள்ளே வரும். 13 டிகிரியை ஒட்டி ஜிப்சம் படியத் தொடங்கும், 25.5-ல் உப்பு விளையும், அப்போது முதலில் பாய்ச்சிய நீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். 29, 30-ல் மிஞ்சிய கசப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மெக்னீசியம் உப்போடு ஒட்டிக் கசக்கும், ஈரம் இழுக்கும். இந்தக் கருவியின் உச்ச எல்லையான 100 பிபிடி, போமேயில் 10 டிகிரியைக்கூடத் தாண்டாது. அதற்கு மேல் போனால் கோடே தெரியாது, பார்வை முழுக்க வெள்ளையாகிவிடும். 28 சதவீதம் வரை காட்டும் கருவி தனியாகக் கிடைக்கிறது; ஆனால் ஜிப்சம் விழுந்து, மெக்னீசியம் கூடி, உப்புகளின் விகிதம் மாறிப்போன நீரில் டிட்மார் விதி செல்லாது, ஸ்கேலும் செல்லாது. சில நூறு ரூபாய்க் கண்ணாடி மிதவைமானியே பாத்திக்குப் போதும். அதிலும் ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான மிதவைகள் 15.6 டிகிரிக்குக் கீறப்பட்டவை. மதியம் 38 டிகிரி சூட்டில் கிடக்கும் நீரில் ஒரு டிகிரி போமே குறைவாகவே காட்டும். காலையில் ஒரு ஆள், மதியம் ஒரு ஆள் அளந்து சண்டை போடுவது இதனால்தான்.

இறால் குளத்தில் சர்க்கரைப்பாகு ஊற்றுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சர்க்கரையும் ஒளியை வளைக்கும். கருவிக்கு உப்பு எது, சர்க்கரை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பாகு ஊற்றிய உடனே, ஊற்றிய இடத்திலேயே மாதிரி எடுக்காமல், கலக்கிவிட்டு மறுநாள் அளப்பது நல்லது.

இந்தக் கருவி போட்ட காசைத் திருப்பித் தருவது, கூடவே ஆக்சிஜன் மீட்டர் வைத்திருப்பவருக்கு. காற்றிலிருந்து நீரில் கரையும் ஆக்சிஜனை உப்பு குறைக்கிறது. கடல்மட்டக் காற்றழுத்தத்தில், 28 டிகிரியில், நல்ல தண்ணீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் வரை ஏற்கும். 35 பிபிடி கடல்நீர் 6.4-தான். பல மீட்டர்களில் உப்பின் அளவை நாம்தான் உள்ளிட வேண்டும். அதைச் சுழியத்திலேயே விட்டுவிட்டால், 4 இருக்கும் இடத்தில் கிட்டத்தட்ட 5 காட்டும். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வரும் நேரத்தில் ஏரேட்டரைப் போடலாமா வேண்டாமா என்ற முடிவு அந்த ஒரு எண்ணில் தொங்குகிறது. இரண்டு சொட்டுத் தண்ணீரைப் பட்டகத்தில் விட்டுப் பார்த்து, வந்த எண்ணை மீட்டரில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஆக்சிஜனைப் படியுங்கள்.

பராமரிப்பில் கரையோரக் காற்றை மறக்கக் கூடாது. சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கசியும். கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் கரையில் காற்று அவ்வளவு வறள்வது கிடையாது. அதனால் குழாயின்மேல் ஒருமுறை படிந்த கடல்நீர்ப் படலம் ஒருபோதும் முழுதாகக் காயாது. திருகின் தலையில் பச்சைக் களிம்பு, மூடியின் கீலில் துரு. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் முழுக் குழாயையும் துடைத்து, உலர்துணியால் ஒற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வைக்க வேண்டும். வாளியில் முக்கிக் கழுவக் கூடாது. பெரும்பாலானவை நீர்புகாத கட்டமைப்பு அல்ல. பட்டகத்தின் ஓரத்துப் பசை வழியாக ஈரம் உள்ளே போனால் ஸ்கேலின்மேல் ஆவி படிந்து நிற்கும். பிரித்துத் துடைக்கப் பார்த்தால் பட்டையும் வில்லையும் இடம் மாறி, பிறகு எந்தத் திருகாலும் சரியாகாது. புதிதாக வாங்கும்போதே பட்டகத்தைச் சுற்றியுள்ள பசை இடைவெளியின்றி ஓடுகிறதா, மூடியின் கீல் ஆடாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் டிஸ்டில்ட் வாட்டர், 36.5 கிராம் கரைசல் இரண்டையும் விட்டுப் பார்த்துவிடுங்கள். 2 பிபிடிக்கு மேல் விலகினால் வைத்துக்கொள்ள வேண்டாம்.